சத்தமில்லாமல் போன டாக்டர் வண்டி

1978 ஜூலை 1, சனி

காலையிலிருந்து மூடுபனி. மலைமேல் எங்கள் ஒண்டிக்கடை பஜாரில், அண்ணனின் மெக்கானிக் பட்டறையிலிருந்து எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. டாக்டரம்மாவின் கார் முதலில் கேட்டது, நெடுநேரம் கழித்துத்தான் வந்தது. வெள்ளைக்கார எஸ்டேட் துரை ஒருவர் தன் நாட்டுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். எப்போதும் சத்தம்தான். இப்போது சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை, மேளக் கச்சேரி. புகை உள்ளே வந்து டாக்டரம்மாவுக்கு ஓயாத தலைவலி.

அண்ணன் இப்ராகிம் வண்டிக்கு அடியிலிருந்து: "இந்த மாடல் சைலன்சர் சேலத்துலயே கெடைக்காதுங்க. பாக்கறேனுங்க."

கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி.

ஜூலை 2, ஞாயிறு

அண்ணன் சேலம் போய்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சைலன்சர் கொண்டு வந்தான். அதே கம்பெனி, ஆனால் நாலு கதவு மாடல். "எஞ்சின் ஒண்ணுதான் நூரு, உடம்புதான் வேற." குழாய் ஒரு முழம் நீளம். உருளை இரண்டு மடங்கு பருமன். மாப்பிள்ளையின் சட்டையைத் தோழனுக்கு மாட்டுகிற வேலை.

ஜூலை 3, திங்கள்

பள்ளி விட்டதும் டார்ச் பிடித்தேன். குழாயை நடுவில் அறுத்து வெல்டிங். எஞ்சினோடு சேரும் தட்டில் மூன்று ஓட்டை, நம் வண்டிக்கு இரண்டுதான். பழைய தட்டையே வெட்டிப் புதுக் குழாயில் ஒட்டினான். பின்னால் கொக்கி எட்டவில்லை. லாரி ட்யூபை வெட்டித் தொங்கவிட்டான்.

"ஸ்டார்ட் பண்ணுடி."

"பண்ணி நொம்ப நேரமாச்சு."

நம்பாமல் வந்து தொட்டுப் பார்த்தான். வண்டி இப்போது எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி, வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. அண்ணனுக்குப் பட்டம் கொடுத்தேன்: சைலன்ஸ் சார். நானே சிரித்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

மழை. செவ்வாய் என்றால் டாக்டரம்மா நாகலூர் ரோட்டுக் கிராமங்களுக்குப் போகும் நாள். ரோட்டோரம் ஆள் நின்றால் நிறுத்துவார், இல்லையென்றால் அடுத்த ஊர். விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவர், நான் பள்ளியிலிருந்து வரும்போதே பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்கூட நிக்கலப்பா. ஊரே சுகமா இருக்கு. எனக்கும் தலைவலி இல்ல."

அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

ஜூலை 5, புதன்

செல்லம்மாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். நாகலூர் ரோட்டு ஊர்க்காரி. வந்ததும் கேட்டாள்: "நேத்து டாக்டரம்மா ஏன்டி வரல?"

"வந்தாங்களே."

"வெளையாடாத நூரு. அம்மாவுக்கு நெஞ்சுச்சளி, மூச்சு விட முடியல. அப்பா கம்பளியில சுத்தி டோலி கட்டி வெச்சுட்டுக் காத்துட்டே இருந்தாரு. சத்தம் கேட்டாத்தான தூக்கிட்டு வருவோம்? வரவே இல்ல."

எல்லா ஊரிலும் அப்படித்தானாம். ரெண்டு வளைவுக்கு அப்பால் வண்டி கேட்டதும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வருவார்களாம். எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. என் பேச்சை எப்போது நம்பியிருக்கிறாள். வகுப்பை விட்டு ஒண்டிக்கடைக்கு ஓடினேன். கேட்டதும் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். அவன் ஓடிப் போய்ச் சொல்ல, டாக்டரம்மா உடனே கிளம்பிப் போய், செல்லம்மாளின் அம்மாவைப் பக்கத்து சீட்டில் சாய்த்துச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அவள் அப்பா பின்னால் பஸ்ஸில்.

ஜூலை 7, வெள்ளி

செல்லம்மாளின் அம்மா இறந்துவிட்டார்.

அண்ணன் சாப்பிடவில்லை. நானும்.

ஜூலை 8, சனி

அண்ணன் அரம், ரம்பத்தோடு வண்டிக்கு அடியில். டாக்டரம்மா வந்தார்.

"வெளிய வா இப்ராகிம். அறுக்காத."

"சத்தம் வேணுமுங்க."

"ஹாரன் அடிச்சா?" என்றேன்.

"வளைவுக்கு வளைவு எல்லா பஸ்ஸும்தான் அடிக்குது. யாரு தலையத் தூக்கிப் பாப்பாங்க?" அண்ணன் ரம்பத்தோடு வெளியே வந்தான்.

டாக்டரம்மா அவன் கையிலிருந்து ரம்பத்தை வாங்கி வைத்தார். பிறகு: "தூக்கிட்டு ஓடிவர ஆள் இருந்தவங்களைத்தான் இத்தனை வருசமாப் பாத்திருக்கேன். மத்தவங்கள நான் கேட்டதே இல்ல. வண்டிய நிறுத்திட்டு ஊடு ஊடாப் போறேன். பை தூக்க ஒரு ஆள் வேணும். நூரு, வர்றியா?"

ஜூலை 11, செவ்வாய்

தூறல். பள்ளிக்கு லீவு போட்டேன்.

முதல் ஊரில் ஒரு அம்மாள்: "ஏனுங்க, வண்டிச் சத்தமே காணோமுங்களே?" வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒரு வீட்டின் பின்கொட்டகையில் பிள்ளை பெற்ற பெண். அனலாய்க் காய்ச்சல். "பெத்தவள வெளிய அனுப்ப மாட்டமுங்க, தீட்டு" என்றார் மாமியார். "அதுக்கென்ன, நான் உள்ள வர்றேன்" என்று டாக்டரம்மா குனிந்து நுழைந்தார். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

அடுத்தது செல்லம்மாளின் ஊர். வண்டியை நிறுத்திய பிறகும் டாக்டரம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கினார். செல்லம்மாளின் அப்பா வாசலில் மொட்டைத் தலையோடு. எழுந்து நின்றார்.

"இங்க இனி யாருக்கும் ஒண்ணுமில்லீங்க."

"தெரியும்" என்றார் டாக்டரம்மா. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

நான் பையோடு வெளியே நின்றேன். செல்லம்மாள் கதவருகே வந்து பார்த்தாள்.

"நூரு, உள்ள வா. நனையற."