துருவில் ஒரு விரல் தடம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை. லீவு நாளில்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. துடைத்த கருவிகளையே மறுபடி துடைத்து எண்ணெய் தடவுகிறேன்.

நேற்று ஃபோர்மேன் என் பெட்டியிலிருந்து அளவெடுக்கும் வெர்னியரை எடுத்து, "என்னய்யா இது, துரு? தேய்ச்சு எடு!" என்று கத்தினார். நான் கிளம்பிய அன்று பாப்பா வியர்வைக் கையோடு பிடித்தாளே, அந்த விரல் தடம்தான் துருவாகப் படிந்திருக்கிறது. "வேலைக்கு இடைஞ்சல் இல்ல சார்" என்று சிரித்துச் சமாளித்தேன். பரவாமலும் அழியாமலும் இருக்க, அதன்மேல் லேசாக எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.

வீட்டு ஸ்பேனர்களை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வை.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. மறந்தேனே, பாப்பாவின் விரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றி அனுப்பு. அந்தத் தடத்தைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அதே வெர்னியரால் அளந்து பார்க்க வேண்டும்.

உன்னவன்