நந்தகுமார் அண்ணன் காட்டிய படம்

அன்புள்ள அம்மாவுக்கு அகிலா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கட்சால் தீவில் நீங்களும் அப்பாவும் சுகம்தானே?

நேற்று இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். நான் வேலை செய்யும் வீட்டு ஜெயலட்சுமி அக்காவின் தம்பி, சென்னையில் படிக்கும் நந்தகுமார் அண்ணன், தானே வரைந்து செய்த பொம்மைப் படத்தைக் காட்டினார். படத்தில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு மகன். அப்பா இறந்ததை வீட்டில் அவனிடம் மறைத்துவிடுகிறார்கள். அப்பாவுக்குச் சட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறான். சுவரில் மாலை போட்ட போட்டோ. அதன் பிறகு கண்ணாடியில் அவனுக்குத் தன் முகமே தெரிவதில்லை.

நான் அழுதுவிட்டேன்.

"அரே, கார்ட்டூனப் பாத்தா அழுவுற?" என்று அக்கா சிரித்தார்.

"கார்ட்டூன் இல்லக்கா. பரீட்சை கெட்டுடும்னு அப்பா போனத எங்கிட்ட மறைச்சியே, அதுதான்" என்றார் அண்ணன். அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வரும் கப்பலில் என் பச்சைப் பாவாடையைக் கொடுத்தனுப்புங்கள். அம்மா, பகலில் போன் செய்தாலும் அப்பா தூங்குகிறார் என்றே சொல்கிறீர்களே, ஏன்? கடிதம் வாங்கிப் போகிறவர் வாசலில் அவசரப்படுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். போனை அப்பாவிடம் கொடுங்கள். பேச முடியாவிட்டால் பரவாயில்லை, அவர் இருமினாலே எனக்குப் போதும்.

உங்கள் மகள்
அகிலா