கழுதைக்காதுப் பாதையில் நான் கலைத்த ஐந்து கல்லடுக்குகள்

பிளெட்சர் வாஷ், யூட்டா
ஜூன் 14, சனிக்கிழமை

அன்பு மகள் ஜனீலுக்கு அம்மா வெல்டா எழுதுவது. நான் சுகம், உன் அண்ணன் கெண்டல் வீட்டிலும் எல்லோரும் சுகம், அபர்டீன் மழையில் நீ சளி பிடிக்காமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, வருகிறேன். இங்கே வெயில் இப்போதே நூற்றிரண்டு டிகிரி. கெண்டல் குதிரைமசால் முதல் அறுப்பை முடித்துவிட்டான், கட்டு கட்டும் யந்திரம் பாதியில் நின்று மூன்று நாள் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தான். பீச் மரம் இந்த வருஷம் கிளை முறியக் காய்த்திருக்கிறது, போன வருஷம் பழம் போட்டு அடைத்த புட்டிகளே இன்னும் இருபது மிச்சம், யார் தின்பது என்று தெரியவில்லை. சபையில் புதிதாக வந்த பியானோக்காரி எல்லாப் பாட்டையும் சவ ஊர்வலம் மாதிரி இழுக்கிறாள். நீ குடையை மறக்காமல் எடுத்துப் போ, ஈரச் செருப்போடு வேலைக்குப் போகாதே.

சரி, சுற்றி வளைத்தது போதும். மே மாதம் கழுதைக்காதுப் பாதையில் ஒருவர் வழி தவறி விழுந்தாரே, அதற்காக டெல்ஃபினை வேலையைவிட்டு அனுப்பினார்களே, அந்தத் தப்பு உன் தோழி செய்ததல்ல. நான் செய்தது. இந்த ஒரு வரியை எழுத நாலு காகிதம் கிழித்தேன்.

உன் அப்பா போன பிறகு இந்தப் பதினோரு வருஷமாக இயற்கைப் பூங்காவின் அந்தப் பாதையில் வாரம் மூன்று நாள் தொண்டுக்கு நடக்கிறேன். அதில் என் தலையாய வேலை என்னவென்று உனக்கே தெரியும். வெறும் பாறையில் தடம் பதியாது, எங்கள் ஆட்கள் வைத்த கல்லடுக்கைப் பார்த்துத்தான் ஜனங்கள் போக வேண்டும். வருகிறவர்களோ படம் எடுத்துக்கொள்ள ஆளுக்கொரு அடுக்கு கட்டிவிட்டுப் போவார்கள். அதை நம்பிப் போனவன் பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்பான். ஆகவே பொய் அடுக்கைக் கண்டால் கலைத்துவிட வேண்டும். அதில் என்னைவிடக் கெட்டிக்காரி யாருமில்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது, மறைக்கவில்லை. எது நம்முடையது, எது வந்தவன் வைத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று புதுத் தொண்டர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

ஏப்ரலில் எழுபது வயசு தாண்டிய தொண்டர்கள் டாக்டரிடம் சீட்டு வாங்கி வர வேண்டும் என்று பூங்கா மேலதிகாரி கிராண்டல் ஒரு விதி போட்டார். எனக்கு மூக்கின் மேல் கோபம். சீட்டை வாங்கிக் கொடுத்தேன், ஆனால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் போகவில்லை. நான் இல்லாமல் எப்படி நடக்கிறது பார்க்கலாம் என்ற வீம்பு. அந்த இரண்டு வாரத்தில்தான், போன வருஷ வெள்ளத்தில் அரித்த பழைய விளிம்பு நிற்காது, பாதையை மேலே திருப்பிவிடுவோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். டெல்ஃபின் போய் மேலே ஐந்து அடுக்கு வைத்திருக்கிறாள். அறிவிப்புப் பலகையில் காகிதமும் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் நடந்தேன், நமக்கு யார் என்ன சொல்வது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே போய்ப் பார்த்தால் நான் அறியாத ஐந்து அடுக்கு. வந்தவன் சேட்டை என்று ஐந்தையும் கலைத்தேன். வழக்கம்போல் ஒவ்வொரு கல்லையும் வெயில் பட்டுக் கறுத்த பக்கம் மேலே தெரிய, அடுக்கின் சுவடே இல்லாமல் பரப்பினேன். வீட்டுக்கு வந்து நல்ல காரியம் செய்தோம் என்று மோர் அப்பம் சுட்டுத் தின்றேன்.

மறுநாள் நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஆஸ்கர் என்ற ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாரும் அவர் மனைவியும் பழைய விளிம்பு வழியே போனார்கள். மண் சரிந்து அவர் இடுப்பெலும்பு முறிந்தது. தூக்கி வர ஆறு மணி நேரம் ஆயிற்று, அதுவரை தண்ணீர் போதாமல் சிறுநீரகமும் கெட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அவர் மனைவி அலுவலகத்தில் உட்கார்ந்து, "மேல ஒரு கல்லு இருந்திருந்தா நாங்க ஏங்க கீழ போறோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டெல்ஃபின், "நான் அஞ்சு வெச்சேன், சத்தியமா அஞ்சு வெச்சேன்" என்றாள். அஞ்சு என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. கிராண்டல் எங்கள் எல்லோரையும் பார்த்து, "யாராவது அதைக் கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் கையிலிருந்த எலுமிச்சைச் சாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்காமலே வைத்ததாகச் சொல்கிறாள் என்று எழுதி அவளை அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷம் பருவம் தவறாமல் வேலை செய்தவள். அவளை வழியனுப்பிய அன்று பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு ஒரு பெரிய தட்டு சுட்டு எடுத்துப் போனேன் பார், அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. நீ போனில், "டெல்ஃபின் அப்படிப்பட்டவ இல்லையே அம்மா, அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டாய். அது பெரிய இடத்து விஷயம் என்று சொல்லிவிட்டுப் பீச் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சறுக்கியது யானை, விழுந்தது வேறொருத்தி.

வியாழக்கிழமை தாங்க முடியாமல் டெல்ஃபினைப் பார்க்கப் போனேன். நவஹோ பழங்குடி எல்லைக்குள் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், பெட்ரோல் பங்கில் கல்லாவில் நிற்கிறாள். ஆட்டிறைச்சிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் வைத்து முதலில் சாப்பிடச் சொன்னாள். தட்டை ஓரமாக வைத்தேன். அந்தக் கல்லைக் கலைத்தது நான்தான் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "தெரியும் வெல்டாம்மா. வர்றவன் கலைச்சா காலால எத்திட்டுப் போவான். கறுத்த பக்கத்தை மேல திருப்பி வெச்சிட்டுப் போற ஆளு இந்தப் பூங்காவிலேயே நீங்க ஒருத்தர்தான். அவரைத் தூக்கிட்டு வரப் போனப்பவே பார்த்தேன்" என்றாள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். மூணு வாரம் பார்த்தேன். அப்புறம் அந்த உருளைக்கிழங்கைத் தூக்கிட்டு வந்தீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஜனீல். திட்டியிருந்தால் தேவலாம்.

திங்கட்கிழமை காலையில் கிராண்டலிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஆஸ்கர் மனைவிக்கும் தனியாக எழுத வேண்டும். என் பாதை போகும், சபையில் தலை குனியும், போகட்டும். உனக்கு ஏன் போனில் சொல்லவில்லை என்றால், "பரவாயில்லை அம்மா, தெரியாம நடந்ததுதானே" என்பாய். அந்த ஒரு சொல் போதும் எனக்கு, அலுவலகம் போகாமலே வீட்டில் உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நாளை ஞாயிறு நீ கூப்பிடும்போது வழக்கம்போல் வெயிலைப் பற்றித்தான் பேசுவேன், பிறகு இதைப் படிக்கும்போது என்மேல் வருத்தப்படாதே.

உனக்கு நீண்ட ஆயுளும், என்னைவிட நேரான நாக்கும் கடவுள் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் என்னைக் கூப்பிடாதே, டெல்ஃபினைக் கூப்பிடு. அம்மா அலுவலகத்தில் போய்ச் சொன்னாளா என்று அவளிடம் கேள். இல்லை என்று அவள் சொன்னால், கிராண்டலுக்கு இந்தக் கடிதத்தை அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
வெல்டா