போடியில் எடுத்த தோசைக்கல்

மகனுக்கு,

உன் கையில் போட்ட மாவுக்கட்டை எப்போது பிரிப்பார்களோ தெரியவில்லை. தோசைக்கல்லைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போடி சந்தையில் நானும் உன் பெண்டாட்டி மாரீஸ்வரியும் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்ததை எடுத்துவந்தோம். கனமான வார்ப்பிரும்பு. கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் எண்ணெய் தேய்த்து அவள்தான் பழக்கினாள்.

அன்று காலையில் முதல் தோசை ஒட்டிக்கொண்டதற்கு நீ அவள் முடியைப் பிடித்து, காய்ந்த கல்லில் கன்னத்தை அழுத்தினாய். "அத்தே, விடச் சொல்லுங்க!" என்று அலறினாள். சொன்னேன். அவள் திமிறி விலகியும் நீ முடியை விடவில்லை. துணியைச் சுற்றிக் கல்லைத் தூக்கி உன் கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. நீ அவளை விட்ட பிறகும் இன்னொரு அடி அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது அவள், "வழுக்கி விழுந்துட்டாரு" என்றாள்.

"பொய் சொல்றா சார், நாந்தேன் அடிச்சேன். அவ கன்னத்தப் பாருங்க" என்றேன். எழுதிக்கொண்டு, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கல்லைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிக் கட்டிவைத்திருக்கிறேன். நாளை அவளோடு எலப்புள்ளிக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். தோட்டத்து லயத்தில் நம் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. எலப்புள்ளிக்கு நீ வராதே. வந்தால் கதவைத் திறப்பது நான்தான்.

உன்னைப் பெற்றவள்