உனக்கு எதிராகத் தூக்கிய கொடி

இன்று காலை கடத்தூர்ப் பள்ளி மைதானத்தில் தேங்காய் நார்க் கயிற்றை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாசனையில் நீ வந்துவிட்டாய். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்து குண்டு எறியும் இரும்பு நாற்காலியை, அசையாதபடி முளைகளோடு இழுத்துக் கட்டும் கயிறு அது.

அரூர்ப் பட்டறையில் சொல்லி அப்படி ஒரு நாற்காலியை முதலில் செய்ய வைத்தவள் நீ. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு விழாக்களில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மேடையில் இருப்பவர்களின் புகைப்படத்துக்காக நடப்பவை என்று நினைத்தேன். உனக்கும் கோபம்தான்.

"எறியறதுக்கு முன்னாடியே ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா குடுத்துடறாங்க. அப்புறம் எதுக்குப் புள்ள எறியறது?"

நான் விலகி இருந்தேன். நீ அளவு டேப்போடு போனாய். என்னையும் நடுவராக இழுத்தாய். "எதையும் நம்பாத ஆளுதான் இதுக்கு வேணும்."

விதியையும் நீதான் சொன்னாய். எறிபவரின் தொடையை நாற்காலியோடு சேர்த்துப் பெல்ட் போட்டுவிடுவது நடுவர் வேலை. குண்டு கையை விட்டுப் போகும்வரை இடுப்பு இருக்கையை விட்டு எழக்கூடாது. எழுந்தால் சிவப்புக் கொடி. அந்த எறி செல்லாது.

நான் நடுவரான முதல் விழாவில் நீயும் எறிந்தாய். இண்டூர்க்காரி ஒருத்தி முன்னணியில் இருந்தாள். உன் கடைசி எறி அவளுடைய கோட்டைத் தாண்டி விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் விளையாடும்போதெல்லாம் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தவள் நீ. இப்போது கூட்டம் உனக்காகக் கைதட்டியது. நான் கொடியைத் தூக்கினேன்.

"பாவம் மேடம், விட்டுடுங்க" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"பாவமெல்லாம் வேணாங்க சார்" என்று சீறினாய். "நான் எந்திரிக்கவே இல்ல. அவளுக்குத்தான் கண்ணு சரியில்ல."

"எந்திரிச்ச" என்றேன்.

உன் மூன்று சக்கர ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "நெனவு தெரிஞ்சதுலருந்து எனக்குக் கால் வெளங்காது. எந்திரிச்சுட்டேன்னு எம்மேல குத்தம் சொன்ன மொத ஆளு நீதான்."

சிரித்தாய். கோபமும் போகவில்லை. "அடுத்த தடவ தொட பெல்ட்ட இறுக்கிப் போடு."

அடுத்த வருடம் பெல்ட் இறுக்கமாக இருந்தது. உன் எறிகள் எல்லாமே செல்லுபடியாயின. அப்போதும் இண்டூர்க்காரிதான் ஜெயித்தாள். அதற்கடுத்த விழாவுக்கு நீ இல்லை. இரங்கல் கூட்டத்தில் உன்னைத் தோல்வியே அறியாதவள் என்றார்கள். எழுந்து திருத்தினேன். பலருக்குப் பிடிக்கவில்லை. நீ இருந்திருந்தால் நீயே திருத்தியிருப்பாய்.

இன்று ஒரு கல்லூரிப் பெண் நன்றாக எறிந்தாள். இடுப்பு எழுந்தது. கொடியைத் தூக்கினேன்.

"முடியாத புள்ளைங்க, கொஞ்சம் பாத்து விடுங்க" என்றாள் அவளுடைய அம்மா.

"நீ சும்மா இரும்மா." அந்தப் பெண் என்னை முறைத்தாள். அழவில்லை. "இன்னொரு தடவ இருக்குதில்லைங்க? பெல்ட்ட இறுக்கிப் போடுங்க."

கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து இறுக்கினேன்.