ஸ்கூட்டர் பேட்டரி ஏற்றிய கப்பல்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த ஆள் இன்று காலை மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கூடம் முழுக்க ஆசிட் வாடை. "வூடு பூரா கடை வாடைங்க, மொதல்ல கைய கழுவிக்கினு வாங்க" என்று நீ அடுப்படியிலிருந்து கத்துவாய் என்று நானும் மடையன் மாதிரி நின்றேன். சத்தமே இல்லை. மழைக்கு முன்னால் போனவள் நீ, இப்போது மழையும் முடிந்துவிட்டது. இன்னும் காது உன் பக்கமே திரும்புகிறது, நான் என்ன செய்ய?

பரணில் ஏறி அந்தக் கப்பலை இறக்கினேன். கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து நான் செய்தது. கள்ளக்குறிச்சியில் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே சிரித்தது. நீதான் ஜாஸ்தி சிரித்தாய். "ஆள் ஏற முடியாது, மூட்ட ஏத்த முடியாது, இது இன்னா கப்பலுங்க?"

சிங்கப்பூரிலிருந்து வந்து உடைந்துபோன ஒரு ரிமோட் காரிலிருந்து ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரேடியோவைப் பிடுங்கி அதில் வைத்திருந்தேன். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க மோட்டார் இரண்டு இருந்தன. டேப் ரிக்கார்டரில் கழற்றியது சாது, கொஞ்சம் தின்று கொஞ்சம் உழைக்கும். காரில் இருந்தது முரடு. டார்ச் செல் போட்டால் ஏரியில் பாதி தூரம் சீறிப் போய் அப்படியே படுத்துவிடும். பழைய ஸ்கூட்டர் பேட்டரியை மேல்தளத்தில் வைத்தால் தெம்பு உண்டு, ஆனால் கனத்தில் கப்பல் சாய்ந்து தண்ணீர் குடித்துவிடும். ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நீ அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "கொடத்த இடுப்புல வெச்சா நடக்கலாம். தோள் மேல தூக்கி வெச்சிக்கினு நடந்து பாருங்க, தெரியும். பேட்டரிய கீழ எறக்குங்க." எனக்குக் கோபம். பேட்டரிக்காரனுக்கே பேட்டரி சொல்லித் தருகிறாளே என்று முறைத்துக்கொண்டு போய்விட்டேன். நீ சொன்னபடி செய்து பார்க்கவும் இல்லை.

பிறகு இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டு மறித்திருந்த வாரம், பஸ் இல்லை. நீ மலையடிவாரத்தில் உன் அம்மா வீட்டில் இருந்தாய். மலையில் கொட்டிய மழை ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கடைசியாக நடந்து வந்த ஒருவர் கடை வாசலில் நின்று மூச்சிரைக்கச் சொன்னார்: "உன் வூட்டம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்துட்ச்சிப்பா. நர்சம்மாகிட்ட ஊசி மருந்து தீந்துபோச்சாம். தரைப்பாலம் முழுவிக்கினு இருக்குது."

மருந்துக் கடைக்கு ஓடினேன். கொடுத்தது கண்ணாடிக் குப்பிகள். கல்லில் கட்டி வீச முடியாது. பாலம் முழுகியிருந்தால் எப்படித் தாண்டுவது? என் கடைக்குத் திரும்பி ஓடினேன். கப்பலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஐயோ, எந்த மோட்டார், எந்த பேட்டரி? ஏரியில் விட்டுப் பார்க்க நேரமில்லை. தவறாக எடுத்தால் நடு ஆற்றில் உன் உயிர் நின்றுபோகும். சாதுவை வைத்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். முரடுக்கு டார்ச் செல் போதாது. முரட்டு மோட்டாரும் ஸ்கூட்டர் பேட்டரியும்தான் என்று முடிவு கட்டி, தளத்தை உளியால் பெயர்த்து, பேட்டரியை அடிவயிற்றில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். நீ சொன்ன இடம்தான்.

கப்பலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மிதித்தேன். வடக்கனந்தல் தாண்டிச் சாலையில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்கள், "இன்னாண்ணே, பொம்ம கப்பல கட்டிக்கினு எங்க போற?" என்று சிரித்தார்கள். நான் அழுதேவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் ஒருவன் இறங்கி என் சைக்கிளைத் தூக்கினான். "நாங்க ரோட்டதாண்ணே மறிச்சோம். அண்ணி மூச்சயா மறிச்சோம்? வா." கயிறு எடுத்துக்கொண்டு நாலைந்து பேர் கூடவே ஓடி வந்தார்கள்.

பாலம் இருந்த இடமே தெரியவில்லை. எதிர்க்கரையில், ஆஸ்பத்திரிக்கென்று உன்னைக் கட்டை வண்டியில் கொண்டுவந்து, தாண்ட முடியாமல் நிறுத்தியிருந்தார்கள். முட்டியில் கை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் நர்சம்மா. பார்க்க முடிகிறது, தொட முடியவில்லை. அந்தக் கொடுமை என் எதிரிக்கும் வேண்டாம்.

சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்துக் குப்பிகளை அடுக்கிக் கட்டி, கப்பலைத் தண்ணீரில் விட்டேன். விளிம்புவரை முழுகியது. சாயவில்லை. உறுமிக்கொண்டு போனது. பாதியில் வெள்ளம் மூக்கைத் திருப்பிவிட, நான் என்ன அமுக்கியும் கேட்கவில்லை. ரிமோட் எட்டவில்லை. பையன்கள் என் இடுப்பில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கினேன். "திரும்புடி, திரும்புடி" என்று கட்டையைப் பார்த்துக் கெஞ்சினேன். திரும்பியது. உன் அண்ணன் பாய்ந்து பிடித்தார்.

ஊசி போட்டு வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினாய். பேச முடியவில்லை உனக்கு. என்னைப் பார்த்து, கையால் உன் இடுப்பை ஒரு தட்டு தட்டிக் காட்டினாய். இடுப்பிலதான வெச்சீங்க என்று கேட்கிறாய். அந்த நிலையிலும் உனக்குக் குசும்பு போகவில்லை. நான் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த முறை இழுப்பு வந்தபோது எல்லாம் இருந்தது. நல்ல ரோடு, ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், பெரிய ஆஸ்பத்திரி. கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஆறு கூடக் குறுக்கே இல்லை. உன் தோள் அதே மாதிரி ஏறி ஏறி இறங்கியது. என் கையில்தான் ஒன்றும் இல்லை.

மத்தியானம் போய் லித்தியம் பேட்டரி ஒன்று வாங்கி வந்தேன். வெற்றிலை மடிப்பு அளவுதான், கனமே இல்லை. அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் கப்பல் அப்படி விளிம்புவரை முழுகியிருக்காது. புது மோட்டாரும் மாட்டிவிட்டேன். பேட்டரியைக் கீழேதான் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். இதைக் கூடத்தில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு தரம் இடுப்பைத் தட்டிக் காட்டேன். எதிரே சுவர்தான் இருக்கிறது.