சூளையிலிருந்து வெளியே வராதவர்

அக்காவுக்கு,

காலையில் எதிர்ச் சாரியில் இஸ்திரி போடுகிறவர் ஒரு பனியனைத் தீய்த்துவிட்டார். அந்த வாடை என் வீடு வரைக்கும் வந்தது. பஞ்சு எரிந்தாலும் இதே வாடைதான். நீங்கள் இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டிருப்பீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவர்கள் கதவு திறந்தே கிடந்தது.

நம் இருவரில் யார் மூத்தவர் என்று கடைசிவரை நாம் பார்க்கவில்லை. நான் அக்கா என்றேன், நீங்கள் தம்பி என்றீர்கள், அதுவே நிலைத்துவிட்டது. தாராபுரத்துப் பக்கமிருந்து வந்து இந்த லைன் வீட்டில் தனியாக இருந்தீர்கள். ஞாயிறு தவறாமல் வேதக் கோயிலுக்குப் போவீர்கள். மற்ற நாளெல்லாம் ஜின்னிங் மில்லில் மரகதத்தோடு உட்கார்ந்து பருத்தி பொறுக்குவீர்கள். அவள் அவிநாசிக்காரி, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறவள்.

மில் தீப்பிடித்தபோது செய்தி எழுதியவன் நான்தான். பருத்தியோடு வந்த கல் எந்திரத்தில் பட்டுப் பொறி கிளம்பியது, மரகதம் இறந்தாள், நீங்கள் உயிர் தப்பினீர்கள் என்று எழுதினேன். உயிர் தப்பினார் என்று வந்தால் அதற்கு முன்னால் ‘தெய்வாதீனமாக’ என்று சேர்ப்பது எங்கள் ஆபீசில் வழக்கம். சேர்த்திருந்தார்கள். கையில் கட்டோடு வந்து என் வாசலில் நின்று அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டீர்கள்.

“ஏனுங் தம்பி, பொகைக்குள்ள நான் ஏசப்பான்னு கத்துனேன். அவ முருகான்னு கத்துனா. எனக்கு சன்னல் கெடச்சுது. அவ திரும்புன பக்கம் பொதி அடுக்கியிருந்துச்சு. இதுல தெய்வம் எங்கீங்க நின்னுச்சு?”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

சபையில் நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டார். தேவன் காப்பாற்றியதை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வது உங்கள் வழக்கம்தான். ஆனாலும் வாரம் வாரம் தட்டிக்கழித்தீர்கள். மரகதத்தின் தாய் சேதி கேட்டு, தானும் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மகளின் கடைசி நிமிஷத்தில் கூட இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். மகளை இழந்தவளின் முகத்தைப் பார்த்து, என்னைக் கடவுள் காப்பாற்றினார் என்று எப்படிச் சொல்வது? அதுதான் உங்கள் சங்கடம்.

“பேப்பர்காரரா வேண்டாமுங்க தம்பி. சும்மா கூட ஒரு ஆளா வாங்க” என்றீர்கள். வந்தேன்.

அன்று போதகர் அக்கினிச் சூளையைப் பற்றிப் பேசினார். ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று பேரைச் சூளையில் போடுகிறார்கள். ராஜா பார்க்கும்போது உள்ளே நான்கு பேர் நடக்கிறார்கள். மூவரும் வெளியே வந்தபோது அவர்கள் மேல் நெருப்பின் வாடைகூட இல்லை.

பிறகு நீங்கள் எழுந்தீர்கள். அந்தத் தாய் வாசற்படி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“எம்மேல வாசம் இன்னும் போகலீங்க” என்று தொடங்கினீர்கள். “அதனால நான் அந்த மூணு பேரு மாதிரி இல்லீங்க. ஆனா ஒண்ணு. உள்ள நாலு பேரு நடந்தாங்கன்னு ஐயா சொன்னாரு. மூணு பேருதான் வெளிய வந்தாங்க. அந்த நாலாவது ஆளு வந்ததா ஐயா சொல்லவே இல்ல. அவரு உள்ளயே நின்னுட்டாருங்க. வெளிய வர முடியாதவங்க கூட.”

வாசற்படியிலிருந்து குரல் வந்தது. “எம்புள்ளகூடயா கண்ணு?”

“ஆமாங்கம்மா.”

“அவரு பேரென்ன?”

“பேரு சொல்லலீங்கம்மா.”

“அப்ப அது முருகந்தான்.”

சபையே உங்களைப் பார்த்தது. போதகர் குனிந்துகொண்டார்.

“இருக்குமுங்கம்மா” என்றீர்கள்.

அந்தத் தாய் எழுந்து வந்து உங்கள் கட்டுப் போட்ட கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அந்த வாடைக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. வெளியே வரும்போது யாரோ சொன்னது நம் காதிலும் விழுந்தது: “சாட்சி சொல்லச் சொன்னா, இவ பழனிக்கே கூட்டிட்டுப் போயிட்டா.” நீங்கள் சிரிக்கப் பார்த்தீர்கள். முடியவில்லை.

அதற்குப் பிறகு உங்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். “இருக்கட்டுமுங்க, ஒரு ஆளுக்கு எடம் வேணுமில்ல” என்றீர்கள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ விபத்துகளுக்குப் போய்விட்டேன். எத்தனை பேர் தப்பினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, இறந்தவரோடு உள்ளே யார் இருந்தார்கள் என்றும் கேட்பேன். அச்சில் அது வருவதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். உங்களிடமிருந்து வந்த கேள்வி அது, விட மனமில்லை.

போன கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மூச்சு நின்றபோது நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விடவில்லை. நர்ஸம்மா வந்து சொன்னதும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். “யாருமில்லீங்களே, தனியாத்தான் இருந்தாங்க” என்றார்.

நான் அதை எழுதிக்கொள்ளவில்லை, அக்கா.